மின்னஞ்சல் விதிகள் வேலை செய்யாதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வரும் மடல்களை அனுப்புநர் வாரியாகவும் குழு வாரியாகவும் பிரித்துத் தனித்தனி ஃபோல்டர்களில் சேர்க்கும் விதிகளை எழுதுவது எளிது. எழுதிய விதி ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் பொழுதை விழுங்கும் வேலை. பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் ஒன்றே. நாம் திரையில் தெரியும் மடலைப் பார்த்து விதி எழுதுகிறோம். விதியோ ஹெடரில் (மடலோடு வரும் அனுப்புநர், பெறுநர், பொருள் போன்ற தகவல் வரிகளில்) எழுத்துக்கு எழுத்து என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து முடிவெடுக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துவிட்டால் பாதிப் பிழை அங்கேயே பிடிபடும்.

ஆகவே விதியில் கை வைப்பதற்கு முன், நழுவிய மடலின் மூல வடிவத்தைத் திறந்து பாருங்கள். ஜிமெயிலில் மடலின் மூன்று புள்ளிப் பட்டியலில் அசலைக் காட்டும் தெரிவு இருக்கிறது. தண்டர்பேர்டில் கன்ட்ரோல் விசையோடு யு அழுத்தினால் போதும். விண்டோஸுக்கான பழைய அவுட்லுக்கில், மடலைத் தனிச் சாளரத்தில் திறந்து, ஃபைல் பட்டியலின் ப்ராப்பர்ட்டீஸ் பெட்டிக்குள் இணைய ஹெடர்களைக் காணலாம். யாராவது ஒருவர் "இதோ அந்த மடல்" என்று உங்களுக்கு ஃபார்வேர்ட் செய்தால் அதை வைத்து ஆராயாதீர்கள். சாதாரண ஃபார்வேர்டில் பழைய ஹெடர்கள் உதிர்ந்து, அனுப்பியவரின் புதிய ஹெடர்கள் ஏறியிருக்கும். மடலை இஎம்எல் கோப்பாகச் சேமித்து இணைப்பாக அனுப்பச் சொல்வதே சரி.

பிறகு நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். விதி ஓடியதா? ஓடியிருந்தால் நிபந்தனை பொருந்தியதா? பொருந்தியிருந்தால் செயல் நிறைவேறியதா? நிறைவேறிய பின் வேறு ஏதாவது அதைக் கலைத்துவிட்டதா? பலரும் இரண்டாம் கேள்வியிலேயே நின்றுகொண்டு நிபந்தனையை மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பார்கள். கோளாறு முதற்கேள்வியில் இருக்கும்.

விதி எந்த மடலையும் தொடுவதே இல்லை

முதலில் விதி எங்கே வாழ்கிறது என்று பாருங்கள். சர்வரில் வாழும் விதி மடல் பெட்டிக்குள் விழும் கணத்திலேயே ஓடும். தண்டர்பேர்டு போன்ற செயலியில் வாழும் விதி அந்தச் செயலி திறந்திருக்கும்போது மட்டுமே ஓடும். அவுட்லுக்கில் இரண்டு வகையும் கலந்திருக்கின்றன. சர்வரால் செய்ய முடியாத செயல் ஒன்றை விதிக்குள் சேர்த்துவிட்டால், அந்த விதி முழுவதும் "இந்தக் கணினியில் மட்டும்" ஓடும் வகைக்கு மாறிவிடும். அலுவலகக் கணினி அணைந்திருக்கும்போது கைப்பேசியில் மடல்கள் பிரிக்கப்படாமல் குவிந்து, காலையில் கணினியைத் திறந்ததும் தாமாக இடம் மாறினால் காரணம் இதுதான்.

தண்டர்பேர்டில் விதிகள் கணக்குவாரியாக எழுதப்படுகின்றன. இரண்டு கணக்கு வைத்திருப்பவர் தவறான கணக்கின் கீழ் விதியை எழுதிவிட்டுத் தேடுவது வழக்கமான காட்சி. அதோடு, ஐமேப் (மடல்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) கணக்கில் விதிகள் இயல்பாக இன்பாக்ஸில் வந்து சேரும் மடல்களின் மீதே ஓடும். சர்வரின் ஸ்பேம் வடிகட்டி முன்கூட்டியே வேறு ஃபோல்டரில் தள்ளிவிட்ட மடல் விதியின் கண்ணுக்கே படாது. விதி ஓடியதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை: வடிகட்டிப் பதிவேட்டை இயக்கி வைத்தால், எந்த விதி எந்த மடலை என்ன செய்தது என்று அது வரிவரியாக எழுதும்.

ஜிமெயிலில் புதிதாக எழுதிய ஃபில்டர் இனி வரும் மடல்களுக்கே பொருந்தும். ஏற்கெனவே கிடப்பவற்றுக்கும் பொருந்த வேண்டுமென்றால் உருவாக்கும்போது அதற்கான பெட்டியில் டிக் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல், பழைய மடல்கள் அசையவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

சீவ் மொழியில் எழுதுபவர்களுக்குத் தனிக் கவலைகள் உண்டு. இது ஆர்எஃப்சி 5228 என்ற இணையத் தர ஆவணத்தில் 2008-இல் வரையறுக்கப்பட்ட, சர்வரில் ஓடும் விதிமொழி. டவ்காட், சைரஸ் போன்ற மடற்பெட்டிச் சர்வர்கள் இதைப் புரிந்துகொள்கின்றன. ஒரு கணக்கில் எத்தனை ஸ்கிரிப்ட்களைச் சேமித்து வைத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் செயலில் இருக்கும். நீங்கள் கையால் எழுதி ஏற்றிய ஸ்கிரிப்டை, வெப்மெயிலின் விதிப் பக்கத்தில் யாரோ ஒரு பொத்தானை அழுத்தியதால் உருவான இன்னொரு ஸ்கிரிப்ட் ஓரங்கட்டிவிட்டிருக்கலாம். மேலும், ஒரு கட்டளைக்குத் தேவையான நீட்சியைத் தொடக்கத்தில் ரிக்வயர் வரியில் அறிவிக்காவிட்டாலோ ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலோ, அந்த ஒரு விதி மட்டும் நின்றுபோவதில்லை. ஸ்கிரிப்ட் முழுவதும் நிராகரிக்கப்படும். மடல் தொலையாது, அத்தனையும் இன்பாக்ஸிலேயே வந்து நிற்கும். எல்லா விதிகளும் ஒரே நாளில் செத்துப்போனதாகத் தோன்றினால், கடைசியாகத் திருத்திய வரியைப் பாருங்கள். டவ்காடில் ஸ்கிரிப்ட்டின் பெயரோடு 'லாக்' என்று முடியும் கோப்பு அருகிலேயே உருவாகியிருந்தால், பிழை உள்ள வரியின் எண் அதில் இருக்கும்.

சில மடல்கள் சிக்குகின்றன, சில நழுவுகின்றன

இதுதான் அதிகம் காணப்படும் அறிகுறி. காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

ஃப்ரம் ஹெடரில் பெயர், கோண அடைப்புக்குள் முகவரி என இரண்டு பகுதிகள் உண்டு. சீவ் மொழியில் ஹெடர் என்ற சோதனை அந்த வரி முழுவதையும் ஒரே சரமாக எடுத்துக்கொள்ளும். அட்ரஸ் என்ற சோதனை முகவரியை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடும். ஹெடர் சோதனையில் "இதுவேதான்" என்ற ஒப்பீட்டோடு முகவரியை மட்டும் கொடுத்தால், அனுப்புநர் பெயரில்லாமல் அனுப்பும் நாளில் விதி பொருந்தும், பெயரோடு அனுப்பும் நாளில் பொருந்தாது. முகவரிகளுக்கு எப்போதும் அட்ரஸ் சோதனையையே பயன்படுத்துங்கள். அவுட்லுக்கில் இதே குழப்பம் வேறு உருவில் வரும்: "இவரிடமிருந்து" என்ற நிபந்தனை முகவரிப் புத்தகத்தில் உள்ள ஆளோடு இணைந்துகொள்கிறது, "அனுப்புநர் முகவரியில் இச்சொற்கள் உள்ளபோது" என்ற நிபந்தனை எழுத்துகளைப் பார்க்கிறது. வெளியாட்களின் மடல்களுக்கு இரண்டாவதே நம்பகமானது.

அடுத்தது டூ ஹெடர். "எனக்கு வந்த மடல்" என்பதற்கு நிபந்தனையாகப் பலரும் டூ ஹெடரில் தம் முகவரியைத் தேடச் சொல்கிறார்கள். உங்களை சிசியில் சேர்த்திருந்தால் அது பொருந்தாது. பிசிசியில் சேர்த்திருந்தால் மடலின் எந்தப் பெறுநர் ஹெடரிலும் உங்கள் முகவரி இருக்காது, ஏனெனில் பிசிசி என்பதன் நோக்கமே அதுதான். மடற்குழு வழியாக வந்தால் டூவில் குழுவின் முகவரியே இருக்கும். மடலை உங்கள் பெட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்தது டூ ஹெடர் அன்று. தபால் உறையின் மேல் எழுதிய முகவரியைப் போல, சர்வர்கள் தமக்குள் பேசிக்கொண்ட பெறுநர் முகவரியே அதைச் சேர்த்தது. உள்ளே வைத்த கடிதத்தில் எழுதியிருப்பதும் உறையில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. அந்த உறை முகவரியைச் சில சர்வர்கள் மடலிலேயே பதித்து வைக்கின்றன: டெலிவர்டு-டூ, போஸ்ட்ஃபிக்ஸில் எக்ஸ்-ஒரிஜினல்-டூ, எக்சிமில் என்வலப்-டூ. சீவ் மொழியில் என்வலப் என்ற சோதனை இதை நேரடியாகவே கேட்கும். பல மாற்றுமுகவரிகளை ஒரே பெட்டியில் பெறுபவர்கள், எந்த முகவரிக்கு வந்தது என்று பிரிக்க விரும்பினால் இவற்றைத்தான் நாட வேண்டும்.

மடற்குழுக்களுக்கு ஃப்ரம் ஹெடரையோ, பொருள் வரியின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குள் வரும் குழுப் பெயரையோ நம்புவது பிழைக்கு அழைப்பு விடுப்பதாகும். அடைப்புப் பெயரைக் குழு நிர்வாகி நினைத்த நேரத்தில் நீக்கலாம். ஃப்ரம் ஹெடரின் கதை இன்னும் மோசம்: 2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு, போலி அனுப்புநர்களைத் தடுக்கும் டிமார்க் கொள்கையை "நிராகரி" என்று கடுமையாக்கியது, யாஹூ பயனர் குழுவுக்கு அனுப்பிய மடலைக் குழு மறுபடி அனுப்பியபோது, பெறும் சர்வர்கள் அதைப் போலி எனத் திருப்பின. அதற்குத் தப்ப, ஃப்ரம் ஹெடரில் எழுதியவரின் முகவரியை எடுத்துவிட்டுக் குழுவின் முகவரியைப் போடும் வழக்கம் பரவியது. ஆகவே ஒரே நண்பரின் மடல் நேரில் வந்தால் ஒரு முகவரியோடும் குழு வழியே வந்தால் வேறு முகவரியோடும் வரும். இதற்கென்றே லிஸ்ட்-ஐடி என்ற ஹெடர் 2001 முதல் ஆர்எஃப்சி 2919-இல் வரையறுக்கப்பட்டிருக்கிறது. குழுவை நடத்தும் சர்வர் மாறினாலும் அடையாளம் மாறக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஜிமெயில் நாம் விரும்பும் ஹெடரையெல்லாம் நிபந்தனையாக ஏற்பதில்லை. ஆனால் லிஸ்ட் என்ற தேடல் சொல்லோடு முக்காற்புள்ளி இட்டுக் குழுவைக் குறித்தால் ஏற்றுக்கொள்கிறது. தண்டர்பேர்டில் நிபந்தனைப் பட்டியலின் அடியில் உள்ள தனிப்பயன் தெரிவில் லிஸ்ட்-ஐடி என்ற பெயரை ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். இந்த ஹெடரின் மதிப்பிலும் கோண அடைப்புக்கு முன்னால் ஒரு விளக்கப் பெயர் வரக்கூடும் என்பதால், "இதுவேதான்" என்று கேட்காமல் "கொண்டுள்ளது" என்று கேளுங்கள்.

ரிட்டர்ன்-பாத் ஹெடரை (சேராத மடல் திரும்பிப் போக வேண்டிய முகவரி) கொண்டு பிரிப்பவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை: மொத்த மடல் அனுப்பும் சேவைகள், திரும்பி வரும் மடல் யாருக்குரியது என்று அறிய, பெறுநருக்கொரு முகவரியாக இதை மாற்றி எழுதுகின்றன. டொமைன் பகுதியை மட்டும் ஒப்பிடுங்கள்.

தமிழில் பொருள் வரி உள்ள மடல்கள் மட்டும் நழுவுகின்றன

மூல வடிவத்தைத் திறந்தால் பொருள் வரியில் ஒரு தமிழெழுத்தும் தெரியாது. சமக்குறியும் கேள்விக்குறியுமாகத் தொடங்கி, யுடிஎஃப்-8 என்ற பெயரும், அதன்பின் பி அல்லது க்யூ என்ற ஓர் எழுத்தும், அதன்பின் புரியாத எழுத்துக் கோவையும் நிற்கும். ஹெடர்கள் ஆஸ்கி என்ற ஆங்கில எழுத்துத் தொகுதியை மட்டுமே சுமந்த காலத்தில், பிற மொழிகளை அதற்குள் அடைக்க 1996-இல் ஆர்எஃப்சி 2047 வகுத்த முறை இது. சீவ், ஜிமெயில், தண்டர்பேர்டு ஆகியவை இதைப் பிரித்துப் படித்தபின் ஒப்பிடுகின்றன. ப்ராக்மெயில் போன்ற பழைய கருவிகள் மூல எழுத்துக் கோவையோடு நேரடியாக ஒப்பிடுவதால், தமிழ்ச் சொல்லை நிபந்தனையாகக் கொடுத்தால் ஒருபோதும் பொருந்தாது. அங்கே பொருள் வரியைக் கைவிட்டு, அனுப்புநர் முகவரி போன்ற வேறு அடையாளத்துக்குப் போவதே நல்லது.

பிரித்துப் படிக்கும் கருவியிலும் தவறக் காரணங்கள் உண்டு. ஒரு குறியாக்கத் துண்டு 75 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கிறது. பி வகைக் குறியாக்கத்தில் முன்னும் பின்னும் வரும் அடையாளங்களைக் கழித்தால் ஒரு துண்டில் சுமார் 15 குறியீடுகளே இடம்பெறும். மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், நடுத்தர நீளமுள்ள ஒரு பொருள் வரிகூட மூன்று நான்கு துண்டுகளாக வெட்டப்படும். துண்டுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைப் படிக்கும் செயலி விட்டுவிட வேண்டும். எழுதும் செயலி ஓர் எழுத்தின் பைட்களுக்கு நடுவே வெட்டக் கூடாது. இரண்டாவதை மீறும் மென்பொருள்கள் இன்றும் இருக்கின்றன. அவை அனுப்பும் மடலில் வெட்டுப்பட்ட இடத்தில் கேள்விக்குறிகளோ கறுப்புச் சாய்சதுரங்களோ நிற்கும். உங்கள் சொல் அந்த இடத்தில் விழுந்திருந்தால் விதி நழுவும். அதைப் பெறுநர் பக்கத்தில் திருத்த வழியில்லை.

இன்னும் நுட்பமான ஒன்று, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் குறியீட்டில் வேறாக இருப்பது. 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமமென்று சொல்கிறது. எல்லா விதிக் கருவிகளும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அதுபோக, காலுக்குப் பதில் 'ர' என்ற எழுத்தையே தட்டுபவர்களும், 'ஔ' என்பதை 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டுபவர்களும் உண்டு. இவை எந்தக் கணக்கிலும் சமமாகா. நிபந்தனைச் சொல்லை நீங்களே தட்டாமல், நழுவிய மடலின் பொருள் வரியிலிருந்து வெட்டி ஒட்டிப் பாருங்கள். அப்போது மட்டும் பொருந்தினால் நோய் இதுதான். கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் இல்லாத சொல்லைத் தேர்ந்தெடுப்பது எளிய மருந்து.

தமிழ்ச் சொற்கள் வேற்றுமை ஏற்று உருமாறுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். "கட்டணம்" என்று தேடும் விதி "கட்டணத்தைச் செலுத்துக" என்ற மடலை விட்டுவிடும். "கட்டண" என்று கொடுத்தால் இரண்டும் சிக்கும். "ரசீது", "ரசீதை" இரண்டுக்கும் "ரசீத" என்று கொடுக்கலாம். இந்த உத்தி எழுத்துக் கோவையாக ஒப்பிடும் கருவிகளுக்கே செல்லும். ஜிமெயில் முழுச் சொற்களாகவே தேடுவதால் அங்கே எல்லா வடிவங்களையும் தனித்தனியே எழுதி, "அல்லது" என்று இணைக்க வேண்டும்.

சம்பந்தமில்லாத மடல்களும் சிக்குகின்றன

இதே உத்தி மறுபக்கம் கடிக்கும் இடம் இது. "வரி" என்ற சொல்லைக் கொண்டுள்ள மடல்களை வரிக் கணக்கு ஃபோல்டருக்கு அனுப்பச் சொன்னால், முகவரி மாற்றமும் ஜனவரி அறிக்கையும் வரிசை எண்ணும் அங்கேயே போய்ச் சேரும். குட்டையான சொல்லைத் தனித்து விடாமல் அனுப்புநர் நிபந்தனையோடு சேர்த்துக் கட்டுங்கள்.

டொமைன்களிலும் இதுவே நடக்கிறது. முகவரியில் "எக்சாம்பிள்.காம்" உள்ளதா என்று கேட்டால், அதன் முன்னால் வேறெழுத்து ஒட்டிய டொமைனும், அதன் பின்னால் இன்னொரு டொமைனைத் தொங்கவிட்ட முகவரியும் பொருந்தும், இரண்டாவதை ஏமாற்றுக்காரர்கள் வேண்டுமென்றே பதிவு செய்கிறார்கள். சீவ் மொழியில் அட்ரஸ் சோதனைக்கு டொமைன் பகுதி மட்டும் என்று குறித்து, "இதுவேதான்" என்று ஒப்பிடுங்கள். துணை டொமைன்களும் வேண்டுமென்றால் "வடிவம் பொருந்தும்" ஒப்பீட்டுக்கு மாறி, நட்சத்திரக் குறியும் புள்ளியும் முன்னால் வரும் இன்னொரு வடிவத்தையும் பட்டியலில் சேருங்கள்.

நட்சத்திரக் குறி என்றதும் நினைவுக்கு வரும் ஒரு பொறி: ஸ்பேம்அசாசின் மென்பொருள் எக்ஸ்-ஸ்பேம்-லெவல் என்ற ஹெடரில் மடலின் மதிப்பெண்ணை நட்சத்திரக் குறிகளாகவே எழுதுகிறது, இயல்பான எல்லை 5. ஐந்து நட்சத்திரம் உள்ளவற்றை ஒதுக்கு என்று சீவில் "வடிவம் பொருந்தும்" ஒப்பீட்டோடு எழுதினால், நட்சத்திரம் அங்கே "எது வேண்டுமானாலும்" என்று பொருள்படுவதால், அந்த ஹெடர் உள்ள எல்லா மடலும் ஸ்பேமாகிவிடும். "கொண்டுள்ளது" என்ற ஒப்பீட்டில் நட்சத்திரம் வெறும் நட்சத்திரமே. ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுபவர்கள் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு இட வேண்டும். முகவரியிலுள்ள புள்ளிக்கும் அதே கதைதான்.

எல்லா மடலும் ஒரே விதியில் சிக்குகிறதென்றால், எதிர்மறை நிபந்தனைகளைப் பாருங்கள். "அனுப்புநர் அ அல்லர்", "அனுப்புநர் ஆ அல்லர்" என்ற இரண்டை "ஏதேனும் ஒன்று உண்மையானால் போதும்" என்ற தெரிவோடு இணைத்தால், எந்த மடலுக்கும் குறைந்தது ஒன்று உண்மையாகத்தான் இருக்கும். எதிர்மறைகளை "அனைத்தும் உண்மையாக வேண்டும்" என்றே இணைக்க வேண்டும்.

ஒரே மடல் இரண்டு இடங்களில் கிடக்கிறது

பெரும்பாலும் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்திக்கொண்டே போவதால் நேர்வது. அவுட்லுக்கில் "மேற்கொண்டு விதிகளை ஓட்டாதே" என்ற செயலும், சீவில் ஸ்டாப் கட்டளையும் இதற்காகவே உள்ளன. சீவில் தனித்தனி இஃப்களாக எழுதாமல் எல்ஸிஃப் என்று தொடர்ந்து எழுதினாலும் முதலில் பொருந்தியதோடு நிற்கும். ஃபைல்இன்டூ கட்டளை இன்பாக்ஸில் இயல்பாக விழும் பிரதியைத் தானே ரத்து செய்துவிடும். அதோடு கீப் கட்டளையையும் எழுதியிருந்தால் இரண்டு பிரதிகளைக் கேட்டு வாங்கியதாகும். ஜிமெயிலில் பொருந்தும் ஃபில்டர்கள் அனைத்தும் செயல்படும், இடையில் நிறுத்தும் வழியில்லை. அங்கே லேபிள் இட்டதும் மடல் இன்பாக்ஸைவிட்டுப் போகாது. இன்பாக்ஸைத் தவிர்க்கும் தெரிவையும் சேர்த்தே போட வேண்டும். அது இரண்டு பிரதி அன்று, ஒரே மடலின் இரண்டு தோற்றம். ஒன்றை அழித்தால் மற்றதும் போகும்.

உண்மையிலேயே இரண்டு பிரதிகள் வந்திருக்கவும் கூடும். குழுவுக்கும் உங்களுக்கும் சேர்த்துப் பதிலெழுதியவரின் மடல், ஒருமுறை நேரிலும் ஒருமுறை குழு வழியாகவும் வரும். இரண்டின் மெசேஜ்-ஐடியும் (மடலின் தனி அடையாளம்) ஒன்றாக இருந்து, ஒன்றில் மட்டும் லிஸ்ட்-ஐடி இருந்தால் விதியைக் குறை சொல்ல முடியாது. சர்வர் ஆதரித்தால் சீவின் டூப்ளிகேட் நீட்சி இரண்டாவதாக வருவதை அடையாளம் காணும். எந்தப் பிரதி முதலில் வரும் என்பது உங்கள் கையில் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

மடலையே காணவில்லை

பதறுவதற்கு முன் ஐமேப் சந்தாப் பட்டியலைப் பாருங்கள். சர்வர் புதிதாக உருவாக்கிய ஃபோல்டருக்கு உங்கள் செயலி சந்தா சேராவிட்டால் அது திரையில் தெரியாது. மடல் பத்திரமாக அங்கே இருக்கும். வெப்மெயிலில் நுழைந்து தேடினால் தெரிந்துவிடும்.

அடுத்தது ஃபோல்டர் பெயர். சில சர்வர்களில் எல்லா ஃபோல்டர்களும் இன்பாக்ஸின் கீழ் அமர்கின்றன, இடைக்குறி சிலவற்றில் புள்ளி, சிலவற்றில் சாய்வுக் கோடு. பெயர் தவறினால் டவ்காட் மடலை இன்பாக்ஸிலேயே விட்டுவிட்டுப் பதிவேட்டில் குறை எழுதும். மெயில்பாக்ஸ் நீட்சியின் கிரியேட் தெரிவைச் சேர்த்திருந்தாலோ தவறான பெயரிலேயே புது ஃபோல்டர் ஒன்றைத் திறந்து அதில் போடும். தமிழ்ப் பெயருள்ள ஃபோல்டர்களில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஐமேப் நெறிமுறை அப்பெயர்களை மாற்றியமைத்த யுடிஎஃப்-7 என்ற வடிவில், உம்மைக்குறியோடு தொடங்கும் கோவையாகக் காட்டும். அதைப் பார்த்து ஸ்கிரிப்டில் நகலெடுக்கக் கூடாது. சீவ் சாதாரணத் தமிழெழுத்தையே எதிர்பார்க்கிறது.

ஸ்கிரிப்டில் டிஸ்கார்டு என்ற கட்டளை எங்காவது இருந்தால், காணாமற்போன மடலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அது அனுப்புநருக்கும் தெரிவிக்காமல் மடலை அழிக்கிறது, மீட்க முடியாது. அழிக்கும் விதி எதையும் முதலில் ஒரு தனி ஃபோல்டருக்கு அனுப்பும் விதியாக ஓட்டி, அதில் நல்ல மடல் எதுவும் விழவில்லை என்று உறுதியான பிறகே மாற்றுங்கள். என்னைக் கேட்டால் பிறகும் மாற்ற வேண்டியதில்லை. பெட்டியில் இடம் நெருக்கடியாக இருந்தால் அந்த ஃபோல்டரை அவ்வப்போது காலி செய்தால் போதும்.

போலி மடல் ஸ்பேமுக்குப் போகாமல் இன்பாக்ஸில் விழுகிறது

முக்கியமான அனுப்புநரின் மடல் ஸ்பேமில் தொலையக் கூடாது என்று, அவருடைய ஃப்ரம் முகவரியைக் கொண்டு விலக்கு விதி எழுதியிருப்பீர்கள். ஃப்ரம் ஹெடரில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், அந்த விதி போலிக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. தன்னுடைய டொமைனையே விலக்குப் பட்டியலில் வைப்பது இதில் ஆகக் கேடானது. உங்கள் பெயரிலேயே உங்களுக்கு வரும் மோசடி மடல்கள் அந்த வழியில்தான் நுழைகின்றன.

விலக்கு தேவைதான் என்றால் ஆத்தென்டிகேஷன்-ரிசல்ட்ஸ் ஹெடரையும் நிபந்தனையில் சேருங்கள். பெறும் சர்வர், அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய சோதனைகளின் முடிவை இதில் எழுதுகிறது. எஸ்பிஎஃப் தேறியது என்பது உறையிலுள்ள டொமைனைப் பற்றியது. திரையில் தெரியும் ஃப்ரம் முகவரிக்கு அது சான்றாகாது. ஃப்ரம் டொமைனோடு பொருத்திப் பார்ப்பது டிமார்க் என்பதால் அதன் தேர்ச்சியையே கேளுங்கள். இந்த ஹெடரையும் அனுப்புநர் போலியாக எழுதி அனுப்ப முடியும். ஹெடரின் முதற்சொல்லாகச் சோதித்த சர்வரின் பெயர் இருக்கும். அது உங்கள் சர்வரின் பெயர்தானா என்பதையும் நிபந்தனையில் சேருங்கள். உங்கள் பெயரைப் பூண்டு வெளியிலிருந்து வரும் ஆத்தென்டிகேஷன்-ரிசல்ட்ஸை நீக்க வேண்டியது உங்கள் சர்வரின் பொறுப்பு. அது அதைச் செய்கிறதா என்று நிர்வாகியிடம் ஒருமுறை கேட்டு வையுங்கள்.

ரிசீவ்டு ஹெடர்களை நம்பி விதி எழுதுபவர்களுக்கும் இதே அறிவுரை பொருந்தும். அவை கீழிருந்து மேலாக அடுக்கப்படுகின்றன. மேலே உங்கள் சர்வர் எழுதியதை நம்பலாம், அதற்குக் கீழே உள்ளவை அனுப்பியவர் சொன்ன கதையாகவும் இருக்கலாம்.

விடுப்புப் பதில் போகவில்லை, அல்லது ஓயாமல் போகிறது

சீவின் வெகேஷன் கட்டளை, உங்கள் முகவரி டூ, சிசி போன்ற பெறுநர் ஹெடர் ஒன்றில் இருந்தால்தான் பதிலளிக்கும். மாற்றுமுகவரிக்கு வந்த மடல்களுக்குப் பதில் போகாதது கோளாறு அன்று. அம்முகவரிகளை அட்ரசஸ் பட்டியலில் எழுதவில்லை என்பதே காரணம். ஒரே ஆளுக்கு மறுபதில் இயல்பாக 7 நாள் கழித்தே போகும் என்பதால், ஒரே கணக்கிலிருந்து மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்துவிட்டு "ஒருமுறைதான் வேலை செய்தது" என்று முடிவு கட்டாதீர்கள். மடற்குழு மடல்களுக்கு அது பதிலளிக்காது, நல்லவேளை.

நீங்களே ஒரு நிரல் எழுதித் தானியங்கிப் பதில் அனுப்பினால், மூன்று காரியங்கள் கட்டாயம். வந்த மடலில் ஆட்டோ-சப்மிட்டட் ஹெடர் இருந்து அதன் மதிப்பு "நோ" என்பதல்லாமல் வேறாக இருந்தால் பதிலளிக்கக் கூடாது. ரிட்டர்ன்-பாத் வெற்றாக இருந்தாலும் பதிலளிக்கக் கூடாது. அது திரும்பி வந்த மடலின் அடையாளம். நீங்கள் அனுப்பும் பதிலில் ஆட்டோ-சப்மிட்டட் ஹெடரைத் தவறாமல் சேர்க்க வேண்டும். இரண்டு தானியங்கிகள் ஒன்றுக்கொன்று விடிய விடியப் பதிலெழுதிக்கொள்வதைத் தடுக்க 2004-இல் ஆர்எஃப்சி 3834 வகுத்த ஒழுங்கு இது. இரண்டு கணக்குகள் ஒன்றிலிருந்து மற்றதற்கு ரீடைரக்ட் செய்தாலும் சுழல் உண்டாகும். போஸ்ட்ஃபிக்ஸ் டெலிவர்டு-டூ ஹெடரைப் பார்த்துச் சுழலைக் கண்டுபிடித்து மடலைத் திருப்பி அனுப்பும். "மடல் சுழல்கிறது" என்ற குறிப்போடு ஏதாவது திரும்பி வந்தால், இரு பக்கத்து விதிகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

நேற்றுவரை ஓடிய விதி இன்று ஓடவில்லை

விதி மாறவில்லையென்றால் மடலோ ஃபோல்டரோ மாறியிருக்க வேண்டும். ஃபோல்டரின் பெயரை ஐமேப் செயலியில் மாற்றினால் சர்வரிலுள்ள சீவ் ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது; பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். ஃபோல்டர் அப்படியே இருந்தால், விதி சரியாகப் பிரித்த பழைய மடல் ஒன்றையும் நழுவிய புதிய மடல் ஒன்றையும் இஎம்எல் கோப்புகளாகச் சேமித்து, ஹெடர்களை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அனுப்பும் நிறுவனம் மடல் சேவையை மாற்றியிருந்தால் ரிட்டர்ன்-பாத், மெசேஜ்-ஐடியின் டொமைன், சில சமயம் ஃப்ரம் முகவரியின் துணை டொமைன் ஆகியவை மாறியிருப்பது உடனே தெரியும்.

திருத்திய விதியைச் சோதிக்க உங்களுக்கு நீங்களே மடல் அனுப்பிப் பார்ப்பதில் பயன் குறைவு. அது உண்மையான மடல் வரும் வழியில் வருவதில்லை, லிஸ்ட்-ஐடியோ டிமார்க் முடிவோ அதில் இருக்காது. டவ்காட் சர்வரில் கட்டளை வரியை அணுக முடிந்தவர்கள் சீவ்-டெஸ்ட் கருவிக்கு ஸ்கிரிப்டையும் அந்த இரண்டு இஎம்எல் கோப்புகளையும் ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். எந்த ஃபோல்டருக்கு அனுப்பியிருப்பேன் என்று அது சொல்லும், மடல் எதையும் நகர்த்தாது. அந்த வசதி இல்லாதவர்கள் தண்டர்பேர்டில் ஒரு தற்காலிக ஃபோல்டருக்கு இரண்டு மடல்களையும் நகலெடுத்து, அந்த ஃபோல்டரின் மீது விதியைக் கையால் ஓட்டிப் பார்க்கலாம். பழைய மடல், புதிய மடல் இரண்டும் சரியான இடத்துக்குப் போனால் மட்டுமே திருத்தத்தை நிலைநிறுத்துங்கள். புதியது மட்டும் போய்ப் பழையது நின்றுவிட்டால், இரண்டு மதிப்புகளையும் பட்டியலாகக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.